கேமராவுக்குப் பூசிய சந்தனம்

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து நிஷா கூப்பிட்டாள். நான் ஓய்வுபெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்த பெண். வாய்த் துடுக்கு, ஆனால் வேலையில் கெட்டி.

"தனம் அக்கா, புதுசா கையில மாட்டுற பட்டை வந்திருக்கு. நெஞ்சு எப்படி அடிக்குது, ராத்திரி எத்தன மணி நேரம் தூங்குனாங்க, எல்லாம் காட்டும். டிரைவருங்க மாட்ட மாட்டேங்குறாங்க. வீட்டுல தூங்குறதக்கூட கம்பெனி பாக்கணுமான்னு ஒரே சண்ட. நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா கேப்பாங்க லா."

"எந்த வார்த்தையச் சொல்லச் சொல்ற?"

"மாட்டிக்குங்கன்னுதான்!"

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். பெர்மாஸ் ஜெயாவில் என் வீட்டு அடுப்படியில் நின்று மீன் கழுவிக்கொண்டே யோசித்தேன். பிறகு மீனை அப்படியே சட்டியில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். மாட்டுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாட்டாதீர்கள் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் ஒரு லாரி கம்பெனியில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவள். லாரிகள் நிற்கும் யார்டு பாசிர் கூடாங் பக்கம். டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அப்பாவுக்கு, மகள் ஏசி அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறாள் என்பதே பெரிய பெருமை. இரண்டு வருடத்தில் லாரிகளை அனுப்பும் மேசைக்கு மாற்றினார்கள். பயிற்சி என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டேன். பிறகு திட்டியே கற்றுக்கொடுத்தேன்.

அப்போதெல்லாம் சுவரில் ஒரு வெள்ளைப் பலகைதான். லாரிக்கு ஒரு காந்தத் துண்டு. டிரைவர் எங்காவது பொதுத் தொலைபேசியிலிருந்து கூப்பிட்டால் காந்தத்தை நகர்த்துவேன். கூப்பிடாவிட்டால் அது பலகையில் கோத்தா திங்கி என்று எழுதிய இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். லாரியோடு கல்யாண வீட்டுக்குப் போய், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு. கேட்டால், "டயர் பஞ்சர் அக்கா!" சட்டையெல்லாம் சாம்பார். நான் கத்துவேன், அவர்கள் சிரிப்பார்கள். சரக்கு எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும்.

பிறகு லாரிகளில் டிராக்கர் வைத்தார்கள். திரையில் ஒவ்வொரு லாரியும் ஒரு பச்சைப் புள்ளி. "நாங்க என்ன காணாமப்போன மாடா?" என்று டிரைவர்கள் என் மேசை முன்னால் வந்து கொதித்தார்கள். எனக்கும் பிடிக்கவில்லைதான். ஆனால் அந்த வருடமே ஒரு டிரைவர், சர்க்கரை வியாதிக்காரர், உலு திராம் தாண்டி ஒரு செம்மண் பாதையில் லாரியை ஒதுக்கிவிட்டு மயங்கிக் கிடந்தார். புள்ளி நகரவில்லையே என்று பார்த்தவள் நான். ஆள் அனுப்பினேன். பிழைத்துக்கொண்டார். அவருடைய மனைவி டப்பா நிறைய முறுக்கோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்றோடு நான் டிராக்கர் கட்சிக்கு மாறிவிட்டேன். யாராவது முணுமுணுத்தால் அந்த முறுக்குக் கதையைச் சொல்லி வாயை அடைப்பேன்.

எங்கள் பாதுகாப்புப் பிரிவுக்கு மேலாளராக வந்தவர் ரொஹானா; மரியாதையாகப் புவான் ரொஹானா என்போம். ஒடிசலான மலாய்ப் பெண்மணி. என்னைவிட நான்கு வயது சின்னவர். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. நானோ கோபக்காரி, ஒரு அறைக்கு அப்பால் நின்றாலும் என் சத்தம் கேட்கும். அவர் முன்னால் மட்டும் எனக்குச் சத்தம் வராது. யாராவது தப்பு செய்தால் உட்காரச் சொல்வார். பிஸ்கட் டின்னை நகர்த்தி வைப்பார். நடந்ததைச் சொல் என்பார். சொல்லி முடித்ததும், "லெபாஸ் து?" என்பார். அதுக்கப்புறம்? அவ்வளவுதான் கேள்வி. இன்னும் கொஞ்சம் சொல்வோம். மறுபடியும் "லெபாஸ் து?" நான்காவது முறை கேட்பதற்குள் உள்ளே ஒளித்து வைத்ததெல்லாம் வெளியே வந்துவிடும். பிஸ்கட் டின்னில் அப்படியே இருக்கும்.

அவர் போட்ட சட்டங்களில் முதல் சட்டம், இந்த அறையில் 'தாக் தாவு' கிடையாது. 'தெரியாது' என்ற பதிலே கூடாது. ஒரு டிரைவர் எங்கே, எப்படி இருக்கிறார் என்று யார் கேட்டாலும், தெரியும் என்றுதான் சொல்ல வேண்டும். அல்லது 'ஐந்து நிமிடத்தில் சொல்கிறேன்' என்று சொல்லிவிட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். "ஒருத்தருடைய புருஷனை நாம் ரோட்டுக்கு அனுப்பியிருக்கிறோம். அவர் எங்கே என்று நமக்கே தெரியாது என்றால் எப்படி?" என்பார். தெரியாது என்று வாய் தவறிச் சொன்னவர்களை அந்த இடத்திலேயே திருத்துவார்.

அடுத்து கேமரா வந்தது. ஒன்று ரோட்டைப் பார்க்கும். ஒன்று டிரைவரின் முகத்தைப் பார்க்கும். முகத்தைப் பார்ப்பதோடு பேச்சையும் பதிவு செய்யப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ஒரு காலை முழுக்க யாரும் சாவியைத் தொடவில்லை. டிரைவர்களுக்காக நான்தான் புவான் ரொஹானாவிடம் போனேன். "முகத்தைப் பாத்துக்குங்க. பேச்சு அவங்களோடது. கேபின்ல தனியா உக்காந்திருக்கிற மனுஷன் பாட்டுப் பாடுவான், கடவுளைத் திட்டுவான், அதையெல்லாம் நாம எதுக்குக் கேக்கணும்?" என்றேன். இரண்டு நாள் யோசித்து ஒத்துக்கொண்டார். ஒலி நிறுத்தப்பட்டது. யார்டில் கறிபாப் பலகாரம் வாங்கி எல்லாருக்கும் கொடுத்தார்கள். என் வேலைக்காலத்தில் நான் பேசி வாங்கிய ஒரே வெற்றி அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கேமரா வேலை செய்யும் விதம் இது. டிரைவரின் கண் இரண்டு விநாடி மூடியிருந்தால் கேபினுக்குள் பீப் என்று அலறும். கண் ரோட்டை விட்டு விலகினாலும், வாய் ஓயாமல் அசைந்தாலும் அப்படித்தான். அதே நேரம் எங்கள் திரையில் சிவப்புக் கட்டம் வரும். பத்து விநாடிப் படம் ஓடும். நாங்கள் பார்த்து, நிஜமா பொய்யா என்று ஒரு நிமிடத்துக்குள் அழுத்த வேண்டும். நிஜம் என்றால் உடனே போன். அந்தப் போனில் 'தூங்கினீங்களா' என்று கேட்கவே கூடாது. கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். எங்கே இருக்கீங்க, தண்ணி குடிச்சீங்களா, அடுத்து எங்கே நிறுத்துவீங்க, இந்த மூன்று கேள்விதான். பதில் முக்கியமில்லை, குரலைக் கேட்க வேண்டும். குரல் குழைந்தால் லாரியை ஒதுக்கச் சொல்ல வேண்டும். மாதத்தில் இத்தனை சிவப்புக் கட்டம் என்றால் எச்சரிக்கைக் கடிதம். மூன்றாவது கடிதம் வந்தால் ஸ்டீயரிங்கை விட்டு இறக்கிக் கிடங்கில் பெட்டி தூக்கப் போட்டுவிடுவார்கள்.

இப்படி எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது, டிரைவர் செல்வராஜு அண்ணனுடைய மனைவி சாகும்வரை.

அண்ணனுக்கு உலு திராமில் வீடு. என்னைவிட மூத்தவர், ஆனாலும் எல்லாரையும் போல என்னை அக்கா என்பார். நான் அவரை அண்ணே என்பேன். இருபது வருடமாக மெர்சிங் ஓட்டம் அவருடையது. காலையில் தீவுகளுக்குப் போகும் சாமான்களை மெர்சிங் படகுத்துறையில் இறக்கிவிட்டு, மத்தியானம் ஐஸ் பெட்டியில் மீனோடு திரும்புவார். ஒரு கீறல் கிடையாது லாரியில். நிறுத்தக் கோடு இருந்தால் ஆள் இல்லாத சந்தியிலும் நிற்கிற மனுஷன். மனைவி சாந்தி, புற்றுநோய். ஆறு மாதம்தான் படுத்திருந்தார்.

காரியம் முடிந்து அண்ணன் வேலைக்குத் திரும்பிய வாரத்திலேயே அவருடைய சிவப்புக் கட்டங்கள் குவிய ஆரம்பித்தன. திறந்து பார்த்தால், வாய் அசைந்துகொண்டே இருக்கிறது. ஒரு கையால் கண்ணைத் துடைக்கிறார், கேமரா அதைக் கண் மூடியதாகக் கணக்கில் வைக்கிறது. காதில் போன் இல்லை. பக்கத்தில் ஆள் இல்லை. நான் போன் போட்டால் குரல் தெளிவாக இருக்கும். "கோத்தா திங்கி தாண்டிட்டேன் அக்கா. தண்ணி குடிச்சேன்." பொய் எச்சரிக்கை என்று அழுத்துவேன். ஆனால் நான் ஷிப்டில் இல்லாத நேரத்தில் மற்றவர்கள் நிஜம் என்று அழுத்தினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சட்டப்படி அது நிஜம்தான். இரண்டு மாதத்தில் இரண்டு கடிதம் வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலையில் எல்லா டிரைவர்களையும் நிற்க வைத்து, போன வாரத்துப் படங்களைப் பெரிய டிவியில் போட்டுக்காட்டுவது எங்கள் வழக்கம். யார் எந்தத் தப்பு செய்தார்கள் என்று எல்லாரும் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். ஒரு திங்கட்கிழமை அண்ணனின் படம் வந்தது. முழுசாகப் பத்து விநாடி. வாயைத் திறந்து மூடி, தலையாட்டி, சிரித்து, கண்ணைத் துடைக்கிறார். சத்தம் இல்லாததால் பார்க்க இன்னும் விசித்திரமாக இருந்தது.

பின்னாலிருந்து ஒருத்தன், "அலமாக்! அண்ணனுக்கு புது சோடி போல!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

அண்ணன் டிவியைப் பார்த்துக்கொண்டே நின்றார். கோபமில்லை. "என் வீட்டுக்காரிகிட்ட பேசிக்கிட்டு வந்தேன்டா" என்றார்.

சிரிப்பு அப்படியே நின்றுபோனது. கத்தினவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் ஓடிப்போய் டிவியின் வயரைப் பிடுங்கினேன். வெட்கம் என்னைத் தின்றது. அந்தப் படத்தை வரிசையில் சேர்த்தது எங்கள் அறைதானே! நான் அதைப் பார்க்காமல் விட்டேனே!

கூட்டம் கலைந்ததும் காவலர் அறைக்குப் பக்கத்தில் அவரைப் பிடித்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைப் பார்த்து, "விடுங்கக்கா. ஒண்ணு மட்டும் கேக்குறேன். அந்தக் கேமராவ மூடிக்கலாமா?" என்றார்.

"எப்படிண்ணே முடியும்? ரூல் இருக்கு."

"தெரியும்க்கா, சும்மாதான் கேட்டேன். வீட்டுல மக இருக்கு, மருமவன் இருக்காரு, பேரப்பிள்ள இருக்கு. எல்லாம் நல்லவங்கதான். நான் அழுதா பிரேமாவும் அழுவுது. அதனால வீட்டுல சிரிச்சுக்கிட்டே இருக்கேன். இந்த கேபின் ஒண்ணுதான் எனக்கு மிச்சம். அவகிட்ட பேசிக்கிட்டே போனா மெர்சிங் சீக்கிரம் வந்துடுது. இப்ப அந்த பீப் சத்தம் வேற. அவ பேச்ச அறுத்துவிடுது." சொல்லும்போதே சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

அடுத்த வாரம் ஆயுத பூஜை. எங்கள் யார்டில் அது பெரிய நாள். லாரிகளைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, அரைநாள் ஒன்றும் ஓடாது. புவான் ரொஹானாவும் வந்து ஓரமாக நின்று சுண்டல் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போவார். லாரி லாரியாக ஏறி சந்தனம், குங்குமம் வைப்பது வருஷா வருஷம் என் வேலை. ஸ்டீயரிங், கண்ணாடி, கியர் என்று வைத்துக்கொண்டே அண்ணனுடைய லாரிக்கு வந்தேன். அவர் கதவருகே கீழே நின்றார். டாஷ்போர்டில் அந்தக் கேமரா, அதன் கண்ணாடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

என்ன நினைத்தேன் என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமாகத் தெரியாது. கிண்ணத்தில் விரல் விட்டு, சந்தனத்தை அள்ளி, அந்தக் கண்ணாடிமேல் கெட்டியாக அப்பினேன். நடுவில் ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன்.

"ஐயோ அக்கா! என்னாக்கா இது!"

"இதுவும் ஆயுதம்தானே? இதுக்கு மட்டும் பொட்டு வேணாமா?"

அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சாந்தி போன பிறகு அவர் உண்மையாகச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் காலை கிளம்பும் முன் போன் செய்தார். "அக்கா, அதத் தொடச்சிடவா?" அவர் அப்படிப்பட்டவர். கேட்காமல் எதுவும் செய்ய மாட்டார். நான் திரையைப் பார்த்தேன். அவர் முகம் இருக்கவேண்டிய இடத்தில் மஞ்சளாக ஒரு சதுரம். "இருக்கட்டும்ணே. நான் பாத்துக்குறேன்" என்றேன்.

பார்த்துக்கொள்வது சுலபம். 'லென்ஸ் அழுக்கு, சுத்தம் செய்ய வேண்டும்' என்று ஒரு குறியீடு இருந்தது. அதைப் போட்டால் அந்தக் கேமராவின் எச்சரிக்கைகள் எங்கள் திரைக்கு வராது. ஒரு நாளைக்குத்தான் செல்லும். நான் தினமும் காலையில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் புதுப்பித்தேன். ஐந்தாம் நாள் சந்தனம் காய்ந்து விரிசல் விட்டது. இடுக்கில் அண்ணனின் ஒரு காது தெரிந்தது. ஆறாம் நாள் மறுபடியும் முழு மஞ்சள். அவரே புதுசாகப் பூசிக்கொண்டார் போலிருக்கிறது. நான் தனியாகச் சிரித்துக்கொண்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். மூன்றாவது கடிதம் வராது, மனுஷன் நிம்மதியாகப் பேசிக்கொண்டு போகட்டும் என்று நினைத்தேன்.

பத்தொன்பதாவது நாள் மத்தியானம் மெர்சிங்கிலிருந்து கூப்பிட்டார். "மீன் ஏத்தியாச்சுக்கா. கிளம்புறேன்."

"சாப்ட்டீங்களாண்ணே? தூக்கம் வந்தா ஒதுக்கிப் போட்டுடுங்க."

"பேசறதுக்கு ஆள் இருக்கு. தூக்கம் எங்கக்கா வரும்?"

அதுதான் நான் கேட்ட கடைசிப் பேச்சு. ஒரு மணி நேரம் கழித்து, இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள் நிற்கும் நேரான ரோட்டில், அந்தப் பச்சைப் புள்ளி நின்றது. நான் மூன்று முறை போன் போட்டேன். நான்காவது முறை ஒரு போலீஸ்காரர் எடுத்தார்.

ரோட்டைப் பார்க்கும் கேமராவில் எல்லாம் இருந்தது. எதிரில் வண்டி இல்லை, மழை இல்லை. லாரி மெதுவாக இடது பக்கம் சாய்கிறது, கோட்டைத் தாண்டுகிறது, வாய்க்காலில் இறங்கி மரத்தில் மோதுகிறது. பிரேக் போட்ட அடையாளமே இல்லை. ஆஸ்பத்திரியில், அடியும் பலம், இதயத்திலும் அடைப்பு இருந்திருக்கிறது, எது முதலில் நடந்தது என்று சொல்ல முடியாது என்றார்கள். அவர் கண்ணயர்ந்திருந்தால், அந்த பீப் சத்தம் எழுப்பியிருக்கும். நெஞ்சுதான் நின்றதென்றால், எந்தச் சத்தமும் எழுப்பியிருக்காது. இந்த இரண்டில் எது என்று சொல்லக்கூடியது உலகத்தில் ஒரே ஒரு கண். அதன்மேல்தான் நான் சந்தனம் பூசியிருந்தேன்.

விபத்து அறிக்கையை நிரப்பும் வேலை என்னுடையது. அதில் ஒரு கட்டம், உட்புறக் கேமரா மறைக்கப்பட்டிருந்ததா? ஆம். மறைத்தவர் யார்? ஓட்டுநர், மற்றவர், தெரியவில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ! ஆறாம் நாள் அவரே பூசிக்கொண்டாரே, அதுவும் உண்மைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 'ஓட்டுநர்' என்று இருந்த இடத்தில் டிக் போட்டேன். இறந்துபோன மனுஷன் எழுந்துவந்தா மறுக்கப்போகிறார்! அப்படி ஒரு கேவலமான எண்ணமும் எனக்கு வந்தது. மறைக்காமல் எழுதுகிறேன்.

புவான் ரொஹானா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். பிஸ்கட் டின் வந்தது. நான் புள்ளி நின்றதையும் போன் போட்டதையும் சொன்னேன். "லெபாஸ் து?" என்றார். ரோட்டுக் கேமராவைச் சொன்னேன். "லெபாஸ் து?" நான் வாயைத் திறக்கவில்லை. அவர் ரொம்ப நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டின்னை மூடினார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் பிரேமா அலுவலகத்துக்கு வந்தாள். அண்ணனின் ஒரே மகள். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிறவள். அன்று விடுப்புப் போட்டிருந்தாள். கையில் அறிக்கையின் நகல்.

"ஆண்ட்டி, இதுல அப்பா கேமராவ மூடி வச்சிருந்தாருன்னு போட்டிருக்கு. எங்க அப்பா ஏன் மூடுனாரு?"

நகலை வாங்கி, நான் போட்ட டிக்கையே பார்த்தேன்.

"வீட்டுக்காரரோட சொந்தக்காரங்க எல்லாம் ஒரே மாதிரி பேசுறாங்க. தூங்குறதுக்குத்தான் கேமராவ மூடியிருக்காரு, தானா தேடிக்கிட்டாருன்னு சொல்றாங்க. ஆள் இல்லாத ரோட்டுலகூட நின்னு போறவரு ஆண்ட்டி எங்கப்பா. நீங்க இருபது வருஷமா பாத்திருக்கீங்க. நீங்களே சொல்லுங்க, அப்படிப்பட்டவரா?"

அவள் அழவில்லை. பதில் வேண்டும் என்று நின்றாள். அவர் உயிரை நான் எடுத்தேனா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. அவர் பேரை எடுத்தது நான்தான். அதில் சந்தேகமே இல்லை.

"அவர் மூடலம்மா. நான்தான் மூடுனேன்" என்றேன். பூஜையிலிருந்து கடைசி போன் வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சாந்தியோடு பேசிக்கொண்டு போனதையும், வீட்டில் ஏன் சிரித்துக்கொண்டிருந்தார் என்பதையும் சொன்னேன். அதைக் கேட்டதும்தான் அந்தப் பெண் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள். "எங்ககிட்ட எவ்ளோ ஜோக் சொல்லுவாரு தெரியுமா ஆண்ட்டி" என்றாள்.

அவளை அழைத்துக்கொண்டு புவான் ரொஹானாவின் அறைக்குப் போனேன். நின்றுகொண்டே சொன்னேன். இந்த முறை அவர் 'லெபாஸ் து' கேட்கவே வேண்டியிருக்கவில்லை. முடித்ததும் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தார். பத்தொன்பது நாளும் அந்தக் குறியீட்டைப் போட்டது யார் என்ற பட்டியல். பத்தொன்பது வரியிலும் என் எண்.

"உன்னைக் கூப்பிட்டு விசாரித்த அன்றே எனக்குத் தெரியும், தனம். நீ வந்து சொல்வாய் என்று காத்திருந்தேன். நானும் காத்திருக்காமல் கேட்டிருக்க வேண்டும்" என்று மலாயில் சொன்னார். அவருடைய குரல் அப்போதும் உயரவில்லை. அறிக்கையைத் திருத்தினோம். 'ஓட்டுநர்' என்பதை அடித்து, நடந்ததை என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்றோடு என்னைத் திரை முன்னாலிருந்து எடுத்துவிட்டார்கள். ஓய்வுபெறும்வரை மிச்ச மாதங்கள் பழைய கோப்புகள் இருக்கும் அறையில் கழிந்தன. அது நியாயம்தான்.

நிஷா, நான் வரப்போவதில்லை. டிரைவர்களுக்கு வேண்டுமானால் இதைப் படித்துக்காட்டு. மாட்டுவதா வேண்டாமா என்று அவர்களே பேசி முடிவு செய்யட்டும். முறுக்குக் கதையும் உண்மை, சந்தனக் கதையும் உண்மை. உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். அந்தப் பட்டை எதைக் காட்டினாலும், திங்கட்கிழமை டிவியில் போடாதே. அன்றைக்கு நாங்கள் அந்தப் படத்தைப் போட்டு ஒரு மனுஷனைப் பார்த்து எல்லாரையும் சிரிக்க வைக்காமல் இருந்திருந்தால், அவர் அதை மூடலாமா என்று கேட்டிருக்கமாட்டார். நானும் கிண்ணத்தில் கையை விட்டிருக்கமாட்டேன்.

ஒன்று பாக்கி இருக்கிறது.

அன்று பிரேமா கிளம்பும் முன், "அப்பாவோட படம் ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டாள். சாதாரணப் பதிவுகளெல்லாம் அழிந்துவிடும். தப்பு என்று முத்திரை விழுந்தவை மட்டும்தான் சேமிப்பில் தங்கும். புவான் ரொஹானா அனுமதி கொடுத்தார். மூன்று பேரும் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்தோம். அந்தத் திங்கட்கிழமைப் படத்தைப் போட்டேன். அண்ணன் பேசினார், தலையாட்டினார், சிரித்தார், கண்ணைத் துடைத்தார்.

பிரேமா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். "சத்தம் வைங்க ஆண்ட்டி."

"சத்தம் இல்லம்மா."

"ஏன்?"

நான்தான் பேசி நிறுத்தினேன் என்று சொன்னேன். அவள் அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டு நான்கு முறை திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். பிறகு, கடைசி நாள் படம் வேண்டும் என்றாள். அதில் ஒன்றும் தெரியாதும்மா என்றேன். பரவாயில்லை என்றாள்.

லாரியின் கேமராவிலிருந்து எடுத்த மெமரி கார்டில் அந்த ஒரு மணி நேரம் இருந்தது. மெர்சிங்கிலிருந்து போட்டேன். திரை முழுக்க மஞ்சள். நடுவில் கொஞ்சம் கறுத்த சிவப்பு, அவர் அதே இடத்தில் மறுபடியும் வைத்திருந்த குங்குமம். வெயில் பட்டால் மஞ்சள் வெளுக்கும், மர நிழல் வந்தால் கறுக்கும். வேறொன்றும் இல்லை. நகர்த்திப் போடவா என்று கேட்டேன், வேண்டாம் என்றாள். ஒரு மணி நேரமும் கண்ணெடுக்காமல் பார்த்தாள். முடிவில் மஞ்சள் ஒரு தடவை குலுங்கியது. அப்புறம் அசையவில்லை.

பிரேமா என் பக்கம் திரும்பினாள்.

"தூங்கிட்டாரா ஆண்ட்டி? இல்ல வலிச்சுச்சா? யாரையாச்சும் கூப்ட்டாரா?"

"தெரியலம்மா" என்றேன்.

அந்த அறையில் சொல்லவே கூடாத சொல். புவான் ரொஹானா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் என்னைத் திருத்தவில்லை.